நம் வீட்டுத் தண்ணீர் ஆற்றுக்குப் போகும் வழி

(திருநெல்வேலியில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆற்று மாசு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு தொழிற்சாலைக் குழாய்தான் கண்முன் வரும். நொய்யலும் பாலாறும் அப்படித்தான் கெட்டன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அந்த நீர் பாய்ந்த நிலம் உப்பேறிப் போனது. தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீர் தங்களுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றையும் அதன் கரையிலிருந்த கிணறுகளையும் கெடுத்தன. அங்கெல்லாம் குற்றவாளியைக் கைநீட்டிக் காட்ட முடிந்தது.

தாமிரபரணியில் அது அவ்வளவு எளிதில்லை. கடைமடைப் பக்கம் ஆலைகள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ஆற்றில் அன்றாடம் சேரும் அழுக்கில் முதன்மையானது ஊர்ச் சாக்கடை. விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று கரை நெடுகிலும் இருக்கும் வீடுகளின் கழிப்பறை, குளியலறை, அடுக்களைத் தண்ணீர். அதனால் இன்று நான் உங்களிடம் கேட்க வந்திருப்பது ஒரே ஒரு கேள்விதான். உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போகிறது? தெரு முனை வரை தெரியும் என்று பலர் சொல்வார்கள். அதற்கப்பால்?

இந்த ஆறு நமக்கு என்ன தருகிறது என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்வது வரை சுமார் 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே கடல் சேரும் வற்றாத ஆறு இது ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்கு உண்டு; அதனால்தான் காரும் பிசானமும் என்று இரு போகம் விளைந்தது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்களால் பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 86,000 ஏக்கர். குடிநீரைச் சொன்னால், நெல்லையும் தூத்துக்குடியும் மட்டுமல்ல, விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் வரை இந்த ஆற்றின் உறைகிணறுகளை நம்பி இருக்கின்றன. அருப்புக்கோட்டையில் ஒரு குழந்தை குடிக்கும் தண்ணீரில் நாம் இங்கே என்ன கலக்கிறோம் என்பது அந்தக் குழந்தையின் தாய்க்குத் தெரியாது.

இனி ஒரு கணக்கு. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அரசு பின்பற்றும் அளவுகோல். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். ஆளுக்கு நூறு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நானூறு லிட்டர். வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று செரிக்க லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் செலவாகும். நடுவாக 250 என்று எடுத்தால், அந்த ஒரு வீட்டின் ஒரு நாள் கழிவுக்கு 100 கிராம் ஆக்சிஜன். நம் ஊர் வெயிலில் நல்ல ஆற்றுநீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் கிட்டத்தட்ட 8 மில்லிகிராம்தான். வகுத்துப் பாருங்கள். 12,500 லிட்டர் ஆற்றுநீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் ஒரே வீட்டின் ஒரு நாள் சாக்கடை குடித்துவிடும். ஒரு பெரிய லாரித் தண்ணீர்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருநெல்வேலி மாநகராட்சியில் நாலே முக்கால் லட்சம் பேர். எல்லார் வீட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போவதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்புள்ள பகுதிகளின் கழிவு இராமையன்பட்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இணைப்பு இல்லாத தெருக்களின் கழிவு? அதைத்தான் தேடிக்கொண்டு போக வேண்டும் என்கிறேன்.

ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை அன்று. ஓடுகிற தண்ணீர் பாறையில் மோதும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. மணல் வடிகட்டுகிறது. வெயில் கிருமிகளைக் கொல்கிறது. கொஞ்சம் அழுக்கை ஆறு செரித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஓட்டம் வேண்டும், மணல் வேண்டும். சித்திரை வைகாசியில் அணையிலிருந்து வரும் தண்ணீர் குறைந்து, ஆறு சிறு ஓடையாக நெளியும்போதும் சாக்கடையின் அளவு மட்டும் குறைவதில்லை. மணலோ பல இடங்களில் அள்ளப்பட்டுவிட்டது. வேலை செய்யும் கையைக் கட்டிவிட்டு, சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் ஆறு என்ன செய்யும்?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கும். அது என்ன செய்கிறது? மலத்தை அடியில் படிய வைக்கிறது. மேலே நிற்கும் நீரை வெளியே விடுகிறது. அந்த நீர் தெளிவாகத் தெரிந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அது உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும் என்பதுதான் முறை. நம் தெருக்களில் நடப்பது வேறு. டேங்கின் வெளிக்குழாயை நேராக மழைநீர் வடிகாலில் சேர்த்துவிடுகிறார்கள். மேஸ்திரி செய்தார், வீட்டுக்காரர் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. வடிகால் பாளையங்கால்வாயில் சேரும், அல்லது நெல்லைக் கால்வாயில் சேரும், அல்லது நேரே ஆற்றில் விழும். நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்புகிறது. கொக்கும் நாரையும் கூடு கட்டும் குளம் அது. பாளையங்கால்வாய் வழியெல்லாம் வயல். வயலுக்கென்று நம் முன்னோர் வெட்டிய கால்வாயைச் சாக்கடையாக்கிய தலைமுறை நாம்தான்.

ஆகவே முதல் வேலை இது. இந்த வாரமே உங்கள் செப்டிக் டேங்கின் வெளிக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். வடிகாலில் முடிந்தால் அதை அடைத்து, உறிஞ்சுகுழி அமையுங்கள். இடம் இல்லாத நெருக்கமான தெருவானால், நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சியிடம் பாதாளச் சாக்கடை இணைப்பு கேளுங்கள். இணைப்பு வந்த தெருவிலும் வைப்புத்தொகைக்குப் பயந்து இணைக்காமல் இருப்பவர்கள் உண்டு. குழாய் வாசலில் வந்து நிற்கும்போது வாய்க்காலில் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

கிணற்றுக்குப் பக்கத்தில் உறிஞ்சுகுழி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆற்றைக் காப்பாற்றப் போய்க் கிணற்றைக் கெடுத்துவிடக் கூடாது.

டேங்கில் படியும் கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் உள்ளே இடமே இல்லாமல் போய், எல்லாமே வெளியே வரும். எடுக்க வரும் லாரி அதை எங்கே கொட்டுகிறது? இரவில் ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் லாரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தி, கழிவுநீர் லாரிகள் உரிமம் பெற்றுத்தான் ஓட வேண்டும், ஒதுக்கிய இடத்தில்தான் கொட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறது. மீறினால் அபராதம், பறிமுதல். லாரியைக் கூப்பிடும்போது, “உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். நூறு ரூபாய் குறைத்துக் கேட்கும் லாரி, தூரம் போகாமல் பக்கத்து ஓடையிலேயே கொட்டுவதால்தான் குறைத்துக் கேட்கிறது.

கழிப்பறையில் நாப்கினையும் டயப்பரையும் போடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் அதை எடுக்க ஒரு மனிதரை உள்ளே இறக்குகிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தும் இன்னும் மனிதர்கள் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். ஆற்றைப் பற்றிப் பேசும்போது இதைப் பேசாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலாவதியான மாத்திரைகளையும் அங்கே கொட்ட வேண்டாம். எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் மருந்தை முழுதாகப் பிரித்தெடுப்பதில்லை.

துணி துவைக்கும் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. சில பொடிகளில் பாஸ்பேட் இருக்கிறது. அது செடிக்கு உரம். வயலில் போட்டால் நெல் வளரும். ஆற்றில் கலந்தால் அமலைச்செடி வளரும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலும் கால்வாய்களிலும் தண்ணீரே தெரியாமல் பச்சையாகப் படர்ந்து கிடப்பது அதுதான். ஏற்ற சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். பொக்லைன் வைத்து அள்ளுகிறோம், மறுபடி வருகிறது. சாக்கடையும் சோப்பும் அதற்கு நித்தம் உணவு போட்டுக்கொண்டே இருக்கும்போது அள்ளுவதில் என்ன முடிவு கிடைக்கும்? பாஸ்பேட் இல்லாத பொடி கடையில் கிடைக்கிறது. உறையின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். கையளவு போதும் இடத்தில் கோப்பை நிறையப் போடாதீர்கள். புறவாசலில் நாலடி மண் இருந்தால் குளியல் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுங்கள். நம் பாட்டிமார் வீடுகளில் இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போவது வழக்கமாகவே இருந்தது.

அடுத்துச் சொல்லப்போவது சிலருக்கு வருத்தம் தரலாம். ஆனாலும் சொல்ல வேண்டும். பாபநாசத்துக்குப் பரிகாரம் செய்ய வருகிறவர்கள் குளித்து எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். பாவமும் பீடையும் அந்தத் துணியோடு போய்விடும் என்ற நம்பிக்கை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தொண்டு அமைப்புகளும் மாணவர்களும் ஆற்றுக்குள் இறங்கி டன் கணக்கில் துணியை இழுத்துப் போடுகிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே அளவு சேர்ந்துவிடுகிறது. பழைய காலத்தில் பருத்தித் துணி. சில மாதங்களில் மக்கிப்போகும். இன்று உடுத்துவது பாலியஸ்டரும் நைலானும். அவை மக்குவதில்லை. பாறையில் சுற்றிக்கொள்கின்றன, மணலுக்கடியில் போய் அடுக்கடுக்காகப் படிகின்றன, குளிப்பவர் காலைச் சுற்றுகின்றன. சேலை காலில் சிக்கி நீந்தத் தெரிந்தவரும் தத்தளிக்கிறார். இழை இழையாகத் தேய்ந்து மீன் வயிற்றுக்குள் போகிறது. இத்தனையும் ஒரு புலிகள் காப்பகத்தின் வாசலில், நீர்நாய்கள் இன்னும் உயிர் வாழும் ஓர் ஆற்றில் நடக்கிறது.

நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. 2018 அக்டோபரில் புஷ்கர விழாவுக்கு இந்த ஆற்றில் லட்சக்கணக்கான பேர் வந்து முழுகினார்கள். தண்ணீரைக் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்தி உண்மையானது. என் வேண்டுகோள் அந்தப் பக்தியிடம்தான். ஆற்றில் முழுகுவது சடங்கு. ஆற்றில் துணியைப் போடுவது அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். கரையில் வைத்திருக்கும் தொட்டியில் துணியைப் போட்டாலும் உடலை விட்டு அது நீங்கியதுதானே? இதைக் கலெக்டர் பலகையில் எழுதி வைப்பதைவிட, சடங்கு செய்து வைக்கும் ஐயர் ஒரு வார்த்தை சொன்னால் நூறு பேர் கேட்பார்கள். படித்துறையில் சடங்கு செய்து வைப்பவர்களை, துணி விற்கும் கடைக்காரர்களை, வேனில் கூட்டி வருபவர்களைக் கண்டு பேசுங்கள். உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது போகிறார்கள் என்றால், “சித்தி, துணியை மட்டும் ஆற்றில் விட்டுராதீங்க, பையில போட்டுக் கொண்டு வந்துருங்க” என்று நீங்கள் சொல்லலாம். வீட்டுப் பிள்ளை சொன்னால் சித்தி கோபிக்க மாட்டார்.

இவையெல்லாம் வீட்டளவில் செய்யக்கூடியவை. இவற்றோடு நிறுத்தினால் போதாது. “நீங்கள் சோப்பைக் குறைத்தால் ஆறு பிழைக்கும்” என்று மக்களிடம் சொல்லிவிட்டு, பாதாளச் சாக்கடைத் திட்டத்தை ஆண்டுக்கணக்கில் இழுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனிமனிதரின் கடமையில் பெரிய பாதி, கேள்வி கேட்பது. அதற்கு நம் நாட்டில் நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள்.

கங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.சி. மேத்தா டெல்லியில் வழக்கறிஞர். கான்பூரில் தோல் தொழிற்சாலைகளும் நகராட்சியும் கங்கையைக் கெடுக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் போனார். கங்கைக்கரையில் அவருக்கு நிலம் இல்லை. அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவோரின் உயிரைக் காக்க அக்கறை கொண்டவர் என்பதே போதும், அவர் வழக்காடலாம் என்று 1988-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பினால் ஆற்றுக்காகப் பேச யாருக்கும் பட்டா தேவையில்லை என்றாயிற்று. வேலூர்க் குடிமக்கள் பாலாற்றுக்காகத் தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. நொய்யல் பாசன விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் விடாமல் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது.

நம் ஆற்றுக்கே வருகிறேன். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து, ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். தாமே நேரில் நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் ஐந்தாண்டுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. சாக்கடை கலப்பது குறித்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நெல்லைக்கு வந்து, கழிவு கலக்கும் இடங்களை நின்று பார்த்தார்கள். யாரோ ஒருவர் மனு எழுதியதால்தான் நீதிபதிகளின் கார்கள் ஆற்றங்கரைக்கு வந்தன.

பஞ்சாபில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி செய்தது எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது. குருநானக்கோடு தொடர்புடைய காளி பேய்ன் என்ற ஆறு, சுமார் 160 கிலோமீட்டர் நீளம், சாக்கடையாகவும் புதராகவும் மாறிக் கிடந்தது. 2000-இல் அவர் தாமே ஆற்றுக்குள் இறங்கி அமலையை வெட்டத் தொடங்கினார். மக்கள் பின்னால் வந்தார்கள். அவர் அங்கே நிற்கவில்லை. கிராமங்களில் குழாய் பதித்து, கழிவுநீரைக் குளங்களில் தேக்கித் தெளிய வைத்து, வயலுக்குப் பாய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தார். ஆற்றைச் சுத்தம் செய்வதோடு, ஆற்றுக்கு வரும் அழுக்கை ஊரிலேயே நிறுத்தினார். நம்மூரில் ஆண்டுக்கு ஒருநாள் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்கி, புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அமைப்புகள் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்க வேண்டும். பொறுக்குவது நல்ல காரியம். மேலே குழாய் திறந்திருக்கும்வரை அது முடியாத காரியமும்கூட.

இந்த ஊரில் இதற்கு முன்பும் ஒருவர் ஆற்றின் பொறுப்பைத் தம் தலைமேல் எடுத்துக்கொண்டிருக்கிறார். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பாலம் இல்லாமல் மக்கள் திண்டாடியபோது, சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. நாம் இன்றும் அதன்மேல் போய்வருகிறோம். போகும்போது ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறை உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்திலேயே செய்யக்கூடியது. ஆற்றில் சாக்கடை விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சற்று மேலே ஒரு குப்பி, சற்றுக் கீழே ஒரு குப்பி. விடியுமுன் எடுங்கள், இரவெல்லாம் பாசி ஆக்சிஜன் தராமல் இருப்பதால் அப்போதுதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். குமிழி இல்லாமல் குப்பியை நிரப்பி, அங்கேயே மருந்தைச் சேர்த்து மூடிவிட வேண்டும். மாதம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம். குளிக்கத் தகுந்த ஆற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. ஓராண்டுக் குறிப்பேடு உங்கள் கையில் இருந்தால், எந்த அதிகாரியும் “அங்கே ஒன்றும் கலக்கவில்லையே” என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

மற்றவர்கள் செய்யக்கூடியது, சரியான இடத்தில் சரியான கேள்வியை எழுத்தில் கேட்பது. கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் இப்போது கூடுகிறது. நகரத்தில் 2022 முதல் பகுதி சபை வந்திருக்கிறது. அங்கே போய், எங்கள் தெருச் சாக்கடை எந்தக் கால்வாயில் சேர்கிறது, பாதாளச் சாக்கடை இணைப்பு எந்தத் தேதிக்குள் வரும் என்று கேட்டு, தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். பதில் வரவில்லையா, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சிக்கு எழுதுங்கள். “நடவடிக்கை எடுப்பீர்களா?” என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டத்தில் அதற்குப் பதில் கிடைக்காது. ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் வார்டில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு உண்டு, எத்தனை வீட்டுக்கு இல்லை, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் கடந்த ஆறு மாத ஆய்வு அறிக்கை நகல், உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிகளின் பட்டியல். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அதற்கும் மசியவில்லை என்றால், சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். பாதிக்கப்பட்ட எவரும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். புகைப்படத்தில் தேதி தெரியட்டும், இடம் தெரியட்டும். நீங்கள் கொடுத்த மனுக்களின் நகலில் அலுவலக முத்திரை இருக்கட்டும். ஒருவராகப் போவதைவிடத் தெருவிலிருந்து பத்துப் பேர் கையெழுத்தோடு போவது நல்லது. அந்தப் பத்துப் பேரில், உங்களுக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் விடும் தண்ணீரைக் குடிக்கிறவர் அவர்.